பாஸ் மீனுக்கு அடுத்த ராடு எது? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போன வசந்தத்தில் ஒரு தம்பி ஐந்து தூண்டில் ராடுகளோடு, பாஸ் என்ற நன்னீர் மீனுக்குப் பேர்போன டெக்சாஸ் ஏரியான லேக் ஃபோர்க்குக்கு வந்தார். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம், விடியும் முன்பே வந்து நின்றார். ஐந்தையும் படகின் மேல் வரிசையாகப் படுக்கவைத்து, கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படித்தேன். நான்கில் 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட்; அதாவது நீளம், விறைப்பு, வளையும் இடம் மூன்றும் ஒன்றே. ஐந்தாவதில் 7 அடி 1 அங்குலம், மற்றபடி அதேதான். "பிராண்டு வேற அண்ணா" என்றார்.

அவரைச் சொல்லி என்ன? என் கராஜிலும் அப்படி இரண்டு உண்டு. ஒன்றிரண்டு ராடு வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ராடே இனிமேல்தான் என்றால் கணக்கெல்லாம் வேண்டாம்: 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ஸ்பின்னிங் ராடு (விளக்கம் 4, 7ஆம் படிகளில்) ஒன்றை வாங்கி ஒரு சீசன் முழுக்க வீசிவிட்டு வாருங்கள்.

வரிசை இதுதான்: முதலில் லூர் (செயற்கை இரை), பிறகு அதன் முள், பிறகு மீன் ஒளியும் இடம், பிறகு நீங்கள் நிற்கும் இடம். பிராண்டும் விலையும் கடைசி. பலரும் தள்ளுபடி விலையில் ஆரம்பித்து, வாங்கிய ராடுக்கு வேலை தேடுகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, அளவு நாடா, ஒரு தாள், வீட்டில் இருக்கும் ராடுகள், லூர் பெட்டி. கடைக்குப் போகும்போது ரீலும் (நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, சுற்றும் கருவி) வேண்டும்.

அதோடு, பத்துப் பன்னிரண்டு முறையாவது மீன்பிடிக்கப் போன அனுபவம் வேண்டும். ஏனென்றால் கேள்வி "எந்த ராடு நல்லது" என்பதல்ல, "எதை வீசும்போது என் ராடு சொதப்புகிறது" என்பது. சொதப்பியதே இல்லை என்றால் இன்னும் ஒரு ராடு தேவைப்படவில்லை.

1. லூரை முழுசாகக் கட்டி எடை போடுங்கள்

அடிக்கடி வீசும் ஆறு ஏழு லூர்களை எடுத்து, தண்ணீரில் போடும்போது எப்படி இருக்குமோ அப்படியே கட்டித் தராசில் வையுங்கள். பாக்கெட்டில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. ஜிக் (தலையில் உலோக எடை வைத்த முள்) பாக்கெட்டில் 1/2 அவுன்ஸ் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் தலையில் இருக்கும் எடை மட்டும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நண்டை மாட்டினால், 14 கிராம் என்று நினைத்தது 20 கிராமைத் தொடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 5 அங்குலப் பிளாஸ்டிக் ஸ்டிக் புழுவை ஈயம் இல்லாமல் வீசுவதை எல்லோரும் "வெயிட்லெஸ்" என்று சொல்வதால், அதற்கு எடையே இல்லை என்று சிலர் மெல்லிய ராடு தேடுகிறார்கள். அந்தப் புழுவில் உப்பு ஏராளம். முள்ளோடு சேர்த்து வைத்தால் தராசு 10 கிராம் பக்கம் காட்டும், அதாவது ஏறக்குறைய 3/8 அவுன்ஸ். கையில் இருக்கும் மீடியம் ராடே அதைத் தாராளமாக வீசும்.

எடைகளைத் தாளில் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராம், கால் அவுன்ஸ் 7, அரை அவுன்ஸ் 14. இந்த மூன்றும் நினைவில் இருந்தால் போதும்.

2. இருக்கும் ராடுகளின் எழுத்தை அதே தாளில் எழுதுங்கள்

எல்லா ராடிலும் கைப்பிடிக்கு மேலே ஒரு வரி இருக்கும். நீளம், பவர், ஆக்‌ஷன், நரம்பின் பலம், லூரின் எடை. சாதாரண மீடியம் ஹெவி ராடில் 12 முதல் 20 பவுண்டு நரம்பு, 1/4 முதல் 1 அவுன்ஸ் லூர் என்று இருக்கலாம்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி எண், லூரின் எடை. மீடியம், ஹெவி என்ற சொற்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொரு கம்பெனியில் ஹெவியாக இருக்கும். லூர் எடை அப்படியில்லை, அதைக் கொண்டு இரண்டு கம்பெனி ராடுகளை ஓரளவு ஒப்பிடலாம்.

அந்த எல்லையின் இரண்டு முனைகளையும் நம்பிவிடாதீர்கள். 1/4 முதல் 1 அவுன்ஸ் ராடு 1/2, 5/8 அவுன்ஸில் சுகமாக வீசும். கால் அவுன்ஸைக் கட்டினால் நுனி வளையவே வளையாது. ராடு வளைந்து நிமிரும்போதுதான் லூர் பறக்கும்; வளையாவிட்டால் கை வலிதான் மிச்சம். அதனால் எழுதும்போது கீழ் முனையிலும் மேல் முனையிலும் கொஞ்சம் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் கோடாகப் போடுங்கள்.

3. ஓட்டை எங்கே என்று பாருங்கள்

லூர் எடைகள் ஒரு வரிசையில், ராடுகளின் கோடுகள் அதற்குக் கீழே. எந்தக் கோட்டுக்குள்ளும் விழாத லூர் எது? அதுதான் அடுத்த ராடுக்கான முதல் ஆள்.

அந்தத் தம்பியின் தாளை அங்கேயே ஐஸ் பெட்டியின் மூடி மேல் வைத்துப் போட்டோம். ஐந்து கோடும் ஒன்றன் மேல் ஒன்று, 10 கிராமிலிருந்து 25 கிராம் வரை. அவர் பெட்டியில் சிறிய காளான் தலை ஜிக்கில் மூன்று அங்குலத்துக்கும் குறைவான புழு, மொத்தமே 6 கிராம் இருக்கும், தனியாக நின்றது. காலையிலிருந்து அதைத்தான் வீச முயன்று ரீலில் சிக்கு விழுந்து, கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். ரீல் மேல் பழி. உண்மையில் ராடு தப்பு.

எடையில் எல்லாம் பொருந்திவிட்டது, ஆனாலும் ஒரு லூரில் மட்டும் மீன் கடித்துக் கடித்துத் தப்புகிறதா? அப்போது ஓட்டை எடையில் இல்லை, அடுத்த படியில் இருக்கிறது.

இங்கே ஒரு சுயபரிசோதனை. ஓட்டையில் விழும் லூர் வருஷத்துக்கு இரண்டு தடவை வீசுவதாக இருந்தால் அதற்காக ராடு வாங்காதீர்கள். 3 அவுன்ஸ் பெரிய ஸ்விம்பெய்ட்டை (மீன் வடிவ லூர்) ஆசைப்பட்டு வாங்கி, அதற்கு 8 அடி ராடு, அதற்கு ஒரு பெரிய ரீல் என்று போனவர்களைத் தெரியும். மூன்றும் கராஜில் தூங்குகின்றன.

4. முள்ளைப் பார்த்து ஆக்‌ஷனை முடிவு செய்யுங்கள்

ஆக்‌ஷன் என்றால் ராடு எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. ஃபாஸ்ட் ராடு நுனிப் பக்கம் மட்டும் வளையும். மாடரேட் ராடு பாதி வரை வளையும். பவர் வேறு விஷயம், வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

லூரில் ஒற்றைத் தடிமுள் இருந்தால் ஃபாஸ்ட். டெக்சாஸ் ரிக் என்ற கட்டில் முள்முனை பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும். சுண்டும்போது அது முதலில் புழுவைத் துளைக்க வேண்டும், பிறகு மீனின் கெட்டியான வாயைத் துளைக்க வேண்டும். கை அசைவு உடனே முள்ளுக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி ராடு வளைந்து அந்த வேகத்தை விழுங்கிவிட்டால் முள் ஏறாது.

மூன்று முனை முள் தொங்கும் லூர் என்றால் கதை தலைகீழ். க்ராங்க்பெய்ட்டின் (ரீலைச் சுற்றினால் நீந்தி ஓடும் மீன் வடிவ லூர்) முள் மெல்லியது, கூர்மையானது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் வாயில் தானாகத் தைக்கும். ஆனால் ஆழமாக ஏறாது, பல நேரம் தோலில்தான் தொங்கும். விறைப்பான ராடு அந்தத் தோலைக் கிழித்துவிடும். மாடரேட் ராடு மீன் தலையை உதறும்போதெல்லாம் கூடவே வளைந்து கொடுக்கும், நரம்பு தொய்யாது.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதல் சங்கடம். ஊரில் தக்கை முங்கியதும் வெடுக்கென்று வெட்டி இழுத்துப் பழகிய கை இது. க்ராங்க்பெய்ட்டில் கடி விழுந்ததும் அதே மாதிரி வெட்டினால் லூர் மட்டும் காதோரம் பறந்து வரும். மாடரேட் ராடு அந்தப் பழக்கத்தையும் பாதி மன்னிக்கும். சாய்த்து இழுத்தபடி ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

ஸ்பின்னர்பெய்ட், சாட்டர்பெய்ட் (தகடு சுழலும் அல்லது அதிரும் லூர்கள்) இரண்டிலும் ஒற்றை முள் என்றாலும் அவை ஓடிக்கொண்டே கடி வாங்கும் லூர்கள். மாடரேட் ஃபாஸ்ட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இருக்கும் ஃபாஸ்ட் ராடே போதும். இதற்கென்று தனி ராடு வாங்குவது ஆறாவது ஏழாவது ராடில் யோசிக்க வேண்டியது.

5. மீன் ஒளியும் இடத்தைப் பார்த்துப் பவரை முடிவு செய்யுங்கள்

லூரை வீசவும் முள்ளை ஏற்றவும் எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஒரு பாதி. மாட்டிய மீனை எதிலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்பது மறு பாதி. பெரும்பாலோர் இந்த மறு பாதியை விட்டுவிடுகிறார்கள்.

லேக் ஃபோர்க்கில் தண்ணீர் நிரப்பும்போது மரங்களை வெட்டாமல் விட்டார்கள். இன்றைக்கும் மொட்டை மரங்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும். டெக்சாஸின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் கிடைத்தது. இங்கே முள் மாட்டிய பாஸ் முதலில் கிளைக்குள்தான் பாயும். முதல் இரண்டு மூன்று விநாடிகளில் தலையைத் திருப்பாவிட்டால் நரம்பு மரத்தைச் சுற்றிவிடும். அதனால் மரத்திலும் தடித்த பாசியிலும் ஜிக், ரப்பர் தவளை போடுகிறவருக்கு ஹெவி ராடு, 50 முதல் 65 பவுண்டு பின்னல் நரம்பு.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையான பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. விடப்போகிற மீனை மெல்லிய ராடில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் களைக்கவைப்பது அதற்கு நல்லதல்ல.

ஆஸ்டின் பக்கத்து லேக் டிராவிஸ் நேர் எதிர். தெளிந்த தண்ணீர், ஆழம், பாறை. அங்கே மெல்லிய ஃப்ளூரோகார்பன் நரம்பில் சின்னப் புழுவைத் தொங்கவிட வேண்டியிருக்கும். ஹெவி ராடில் 8 பவுண்டு நரம்பைக் கட்டிச் சுண்டினால் பட்டென்று அறுந்துவிடும். மீடியம் அல்லது மீடியம் லைட் வேண்டும். வளைந்து கொடுக்கும் நுனிதான் மெல்லிய நரம்பைக் காப்பாற்றும்.

ராடில் போட்டிருக்கும் நரம்புப் பலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 12 முதல் 20 பவுண்டு என்ற ராடில் 50 பவுண்டு பின்னல் நரம்பு போடக் கூடாது என்பதில்லை, பலரும் போடுகிறார்கள். ஆனால் ரீலின் டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் தடை) இறுக்கிப் பூட்டிவிட்டு அப்படிச் செய்தால், முதலில் உடையக்கூடியது நரம்பாக இருக்காது, ராடாக இருக்கும். மரத்தில் லூர் மாட்டினால் ராடால் இழுக்காதீர்கள். ராடை நரம்புக்கு நேராக நீட்டி, ரீலை விரலால் அழுத்திப் பிடித்துப் பின்னால் நடங்கள்.

6. நிற்கும் இடத்தைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள்

நீள ராடு தூரம் வீசும், தொய்ந்த நரம்பைச் சீக்கிரம் இழுத்து எடுக்கும். அதனால் தவளைக்கும் ஆழ க்ராங்க்பெய்ட்டுக்கும் 7 அடி 3 அங்குலத்திலிருந்து மேலே. கரையில் மரக்கிளைகளுக்குக் கீழே நின்று வீசுகிறவருக்கு அதே நீளம் தொல்லை.

ஜெர்க்பெய்ட் மாதிரி ராடைக் கீழே தாழ்த்திச் சுண்டிச் சுண்டி இழுக்கும் லூருக்கு 6 அடி 8 அல்லது 6 அடி 10 அங்குலம் நல்லது. என் உயரம் 5 அடி 5 அங்குலம். 7 அடி 2 அங்குல ராடை வைத்து இதைச் செய்தபோது நுனி நாள் முழுக்கத் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருந்தது. உயரமான நண்பர் சொன்ன நீளத்தை அப்படியே வாங்கியதன் பலன்.

கயாக்கில் போகிறவர்கள் மொத்த நீளத்தோடு கைப்பிடியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளக் கைப்பிடியின் வால் லைஃப் ஜாக்கெட்டில் போய்ப் போய் மாட்டும்.

அளவு நாடா இங்கேதான் வேலைக்கு வரும். காரின் டிக்கியிலிருந்து பின் சீட்டை மடித்து டேஷ்போர்டு வரை அளந்து பாருங்கள். ஒரே துண்டாக வரும் 7 அடி 6 அங்குல ராடைப் பல செடான் கார்களில் வளைக்காமல் வைக்க முடியாது. அளந்ததில் இடம் போதவில்லை என்றால் இரண்டு துண்டு ராடு வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

7. காஸ்டிங்கா, ஸ்பின்னிங்கா?

இது ரசனைப் பிரச்சினை என்று பேசுவார்கள், உண்மையில் எடைப் பிரச்சினை. காஸ்டிங் ரீலில் லூர் பறக்கும்போது அதுவே உருளையைச் சுழற்ற வேண்டும். லூர் இலேசாக இருந்தால் அந்த வலு இருக்காது, சிக்கு விழும். ஸ்பின்னிங் ரீலில் உருளை சுழல்வதில்லை, நரம்பு சும்மா கழன்று போகிறது. ஆகவே 7 கிராமுக்குக் கீழே ஸ்பின்னிங், 10 கிராமுக்கு மேலே காஸ்டிங், நடுவில் உங்கள் விருப்பம்.

8. பணத்தை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

ராடின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ராடு, ரீல், நரம்பு மூன்றையும் கூட்டுங்கள். ரீலைக் கழற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஏரியில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

ரீலின் கியர் விகிதமும், அதாவது பிடியை ஒரு சுற்று சுற்றினால் ரீல் எத்தனை சுற்று சுற்றும் என்பதும், வேலைக்குத் தகுந்தபடி. ஆழத்தில் ஓடும் க்ராங்க்பெய்ட்டுக்கு 5.4:1 போன்ற மெதுவான ரீல் கையைக் களைக்கவைக்காது. ஜிக்குக்கும் தவளைக்கும் 7.3:1 அல்லது அதற்கு மேல். மீன் உங்களை நோக்கி ஓடி வரும்போது தொய்வைச் சுருட்ட வேண்டுமே.

தரையைத் தொட்டு உணர்ந்து பிடிக்கும் லூர்களுக்கு, அதாவது ஜிக், டெக்சாஸ் ரிக், டிராப் ஷாட் (எடை கீழே, முள் அதற்கு மேலே), இவற்றுக்கு ராடில் பணம் போடலாம். கல்லா சேறா, இலையா மீனா என்று நுனி சொல்லும் தகவல் கைக்கு வந்து சேர வேண்டும். எடை குறைந்த நல்ல கிராஃபைட் அதைச் செய்யும். க்ராங்க்பெய்ட்டுக்கும் தவளைக்கும் அந்த நுட்பம் தேவையில்லை. முன்னதில் கடி விழுந்தால் ராடே பிடுங்கிக்கொண்டு போகும், பின்னதில் கண்ணால் பார்ப்பீர்கள். கண்ணாடி இழை கலந்த மலிவு ராடு க்ராங்க்பெய்ட்டுக்குப் பல நேரம் விலை உயர்ந்த கிராஃபைட்டை விட நன்றாகவே வேலை செய்யும்.

ஐஎம்6, ஐஎம்7 என்று ராடில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை இழையின் வணிகப் பெயர்களிலிருந்து வந்தவை, தரத்தின் பொது மதிப்பெண் அல்ல.

9. கடையில் பார்க்க வேண்டியவை

உங்கள் ரீலைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ரீல் இல்லாத ராடு எல்லாமே நுனிப் பக்கம் கனக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரீலோடு பிடிக்கும்போது நுனி கீழே விழுந்துகொண்டே இருந்தால் நாலு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

பிறகு ஒரு கண்ணை மூடி, கைப்பிடியிலிருந்து நுனி வரை வளையங்கள் நேராக வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு துணுக்குப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள். பஞ்சு மாட்டினால் உள்ளே கீறல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும்.

செய்யக் கூடாத ஒன்று: நுனியைக் கையால் பிடித்து வளைப்பது, கூரையில் அழுத்திப் பார்ப்பது. ராடின் பாரம் வளையங்கள் வழியாகப் பரவும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது, ஒரே இடத்தில் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். வளைவைப் பார்க்க வேண்டுமானால் நரம்பை வளையங்களுக்குள் கோத்து, கூட வந்தவரிடம் மறு முனையைக் கொடுத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எங்கிருந்து வளைகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் ஃபாஸ்ட், மாடரேட் எல்லாம் கண்ணுக்கே தெரியும்.

10. முதல் நாள்

புது ராடை மட்டும் கொண்டுபோங்கள். பழைய ராடு பக்கத்தில் இருந்தால் இரண்டு தடவை சரியாக வீச வராததும் கை அதற்குத்தான் போகும். எந்த லூருக்காக வாங்கினீர்களோ அதைக் கட்டி நூறு முறையாவது வீசுங்கள்.

மீனைப் படகுக்கு அருகில் கொண்டுவரும்போது ராடைச் செங்குத்துக்கு அப்பால் தோளுக்குப் பின்னால் சாய்க்காதீர்கள். பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்கு வந்து முறிந்துவிடும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டியைப் பதிவு செய்யுங்கள். ஆனால் கார் கதவில் நசுங்கியதற்கும் கூரை விசிறியில் சிக்கியதற்கும் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. என் முதல் நல்ல ராடின் நுனி மூன்றே வாரத்தில் கராஜ் கதவுக்கு அடியில் போனது.

லூரைக் கழற்றாமல் எடுத்துப்போகும்போது முள்ளை வளையத்தில் மாட்டாதீர்கள், பஞ்சு மாட்டும் கீறல் அப்படித்தான் விழுகிறது. பல ராடுகளில் கைப்பிடிக்கு முன்னால் அதற்கென்றே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். கைப்பிடியின் அடியில் வெள்ளை டேப் ஒட்டி, நன்றாகப் பறந்த லூரின் எடையைக் கிராமில் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை தாள் போடும்போது கம்பெனி அச்சிட்ட எண்ணுக்குப் பதில் அந்த எண்ணிலிருந்து கோடு போடலாம்.